மாப்பிள்ளைச் சோளத்துக்கு நான் பிடித்த குடை

பிள்ளைகளா,

உங்கள் மலர் டீச்சர் போன சனிக்கிழமை பெண்ணாடத்தில் பஸ் ஏறி விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீச்சர் என் மகள்தான். உங்கள் முன்னால் 'வந்தாள், போனாள்' என்று எழுதினால் வகுப்பில் தன் மதிப்பு போய்விடும் என்கிறார். அதனால் 'வந்தார்' என்றே எழுதுகிறேன்.

வந்தவர் பையிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றின்மேல் கார்த்திக் என்றும் இன்னொன்றின்மேல் தேன்மொழி என்றும் நீங்களே எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் ஒரு கைப்பிடிச் சோளம்.

"ரெண்டு வூட்டுலயும் ஒரே கடையில, ஒரே மூட்டையில வெத வாங்கியிருக்காங்கப்பா. கார்த்திக் வூட்டுல முத்து மாதிரி வந்திருக்குது. தேன்மொழி வூட்டுல பாருங்க, சாம்பல் பூசினாப்புல இருக்குது. கடைக்காரரு ஏமாத்திட்டாருன்னு தேன்மொழி சொல்லுது. உங்க அப்பாவுக்கு வெவசாயம் தெரியலன்னு கார்த்திக் சொல்றான். நாலு நாளா வகுப்புல இதான் சண்ட. எனக்குப் பதில் தெரியல."

எழுந்துபோய் பிளேடு தேடினேன். என் மனைவி செண்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மொகத்துல சவரம் பண்ணுங்கன்னா பத்து நாளு பிளேடு கெடைக்காது. சோளத்த அறுக்கணும்னா ஒடனே கெடச்சிடும்" என்றார்.

கார்த்திக் வீட்டு மணி ஒன்றை நெடுக்கில் பாதியாக அறுத்தேன். உள்ளே கண்ணாடி போல இருந்தது. நடுவில் மட்டும் வெள்ளையாகச் சின்னதாய் ஒரு பொட்டு. தேன்மொழி வீட்டு மணியை அறுத்தேன். உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு போல மாவு. பிளேடு வைத்ததுமே உதிர்ந்தது. மகள் கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. நான் மணி மேல் மணியாக அறுத்துக்கொண்டே இருந்தேன். பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மறுபடியும் வேலை வந்தது.

கடைக்காரர் ஏமாற்றினாரா என்று இந்த இரண்டு பொட்டலத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரே விதை இரண்டு முகம் காட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா? ஒரு முகத்தில் கரி பூசியதே நான்தான். அதை உங்களுக்கு எழுதி அனுப்பச் சொல்லி டீச்சர் ஒரு நோட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் பத்தாவது தவறியவன். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். களை எடுத்தேன், தண்ணீர் கட்டினேன், மூட்டை தூக்கினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். பிறகு சோளப் பிரிவுக்குக் கலைமதி மேடம் வந்தார். நான் வேலை கற்றது அவர் நடையைப் பார்த்துத்தான்.

மேடம் வரப்பில் நடக்கும்போது பேசமாட்டார். ஒரு கதிரைச் சாய்த்து, நடுவிலிருந்து ஒரு மணியைக் கிள்ளி, அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பார். மணி முற்றிவிட்டால், காம்பில் ஒட்டியிருந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளி விழுந்த பிறகு செடி அந்த மணிக்கு எதுவும் கொடுக்காது. அதன்பின் வயலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அது வெயிலின் கையிலும் மழையின் கையிலும்தான் இருக்கும்.

புள்ளியைப் பார்த்த பிறகு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் ஒரு தலையாட்டல். நசுங்கினால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். கைப்பையில் ஒரு தீப்பெட்டி வைத்திருப்பார். அதில் தீக்குச்சி இருக்காது, அரை பிளேடு இருக்கும். நூறு மணியை எண்ணி எடுத்து அறுக்கச் சொல்வார். கண்ணாடி எத்தனை, மாவு எத்தனை, இரண்டும் கலந்தது எத்தனை என்று சொல்லவேண்டும். ஒருமுறை நான், "பாதிக்கு மேல கண்ணாடியா இருக்கும்போல தோணுதுங்க மேடம்" என்றேன்.

"தோணுறத நீங்களே வச்சுக்குங்க தனவேல். எண்ணினத எங்கிட்ட குடுங்க" என்றார்.

எல்லாம் களப் புத்தகத்தில் ஏறும். என்றைக்கு விதைத்தோம், என்றைக்குப் பூத்தது, என்றைக்கு மழை, என்றைக்கு மருந்து, மாடு மேய்ந்ததா, மேய்ந்தால் எத்தனை செடி. வயலுக்கு நாம் எது செய்தாலும் அது புத்தகத்தில் இருக்கவேண்டும். தப்பாக எழுதினால் அடிக்கக் கூடாது. பக்கத்தில் சிவப்பு மையில் சரியானதை எழுதி, திருத்திய தேதியும் போடவேண்டும். சில வருடம் கழித்து மேடம் அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "உங்க எழுத்து குண்டா இருக்கு. யாருக்கும் புரியும்" என்றார். பத்தாவது தவறியவனுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு என்ன இருக்கிறது?

அந்த வருடம் ஒரு சோதனை வைத்தோம். பல சோள ரகங்கள், ஒவ்வொன்றும் வயலில் மூன்று இடத்தில். ஒரு இடத்தில் மண் தாழ்வாக இருக்கும், ஒரு இடத்தில் கறையான் இருக்கும். ஒரே இடத்தை நம்பினால் ரகத்தைப் பார்க்கிறோமா, மண்ணைப் பார்க்கிறோமா என்று தெரியாது. மூன்று இடமும் ஒரே சேதி சொன்னால் நம்பலாம். மேடம் அதை 'மூணு சாட்சி' என்பார்.

அந்த ரகங்களில் நாற்பத்தேழாம் எண்தான் மேடத்தின் செல்லம். ரகத்துக்குப் பேர் வைப்பதெல்லாம் ஊருக்குக் கொடுக்கும்போதுதான். அதுவரை எண்தான். ஆனால் என்னோடு வேலை பார்த்த கோவிந்தனுக்கு எண் சொல்லிக் கூப்பிடப் பிடிக்காது. மேடம் தினமும் அதைப் போய்ப் பார்ப்பதால் அவன் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டான். "மாப்ளைக்குத் தண்ணி காட்டியாச்சா? மாப்ள சாப்டாரா?" என்று கேட்டுக்கொண்டே உரம் போடுவான்.

ஆடிக் கடைசியில் விதைத்தோம். ஐப்பசியில் மாப்பிள்ளையின் மணிகளுக்கு அடியில் புள்ளி விழ ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்று கதிர். அந்த நேரம் பார்த்து மேடம் ஒரு வாரக் கூட்டத்துக்கு வெளியூர் போனார். அவர் போன மறுநாள் வானம் இருட்டியது.

கதிர் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று மேடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். கடைவீதிக்கு சைக்கிளை மிதித்தேன். பலசரக்குக் கடையில் பெரிய பிளாஸ்டிக் கவர் கட்டுக்கட்டாக வாங்கினேன். மூன்று இடத்திலும் நாற்பத்தேழாம் எண் கதிர்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் கவர் மாட்டி, அடியில் நூல் கட்டினேன். கோவிந்தன் வரப்பில் நின்று பார்த்தான்.

"என்னாய்யா தனவேலு, மாப்ளைக்குக் கொட புடிக்கிறியா? பொண்ணு வூட்டுக்காரன் கெட்டான் போ."

"மேடம் வந்து பாத்தா சந்தோசப்படுவாங்கய்யா."

"மத்ததெல்லாம் நனையலாமா? அதுங்க என்னா பாவம் பண்ணுச்சு?"

அந்தக் கேள்வியிலேயே என் தப்பு முழுக்க இருந்தது. எனக்குத்தான் அது ஏறவில்லை. மூன்றாம் இடத்தில் கடைசி ஐந்து கதிருக்கு வந்தபோது கவர் தீர்ந்துவிட்டது. மழையும் பிடித்துவிட்டது. அந்த ஐந்தையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

மழை நாலு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. நடுநடுவே சுள்ளென்று வெயில். ஐந்தாம் நாள் கவரைக் கழற்றினேன். உள்ளே கை வைத்ததும் வெந்நீர் அண்டாவில் கை வைத்தது போலச் சூடு. கவரின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஊறவைத்த துணியை மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. முத்து போலிருந்த மணிகளில் சாம்பல் நிறத்திலும் ரோஸ் நிறத்திலும் பூஞ்சணம்.

கவர் கிடைக்காத அந்த ஐந்து கதிருக்கு ஓடினேன். நனைந்திருந்தன. ஆனால் காற்று அடித்துக் காய்ந்தும் இருந்தன. அங்கங்கே சில புள்ளி. கடித்தேன். 'டக்'கென்று உடைந்தது.

பிள்ளைகளா, அப்போது நான் செய்ததைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. கவர்களையெல்லாம் சுருட்டி உரக்குழியில் புதைத்தேன். புத்தகத்தில் 'மழை, நாலு நாள்' என்று எழுதினேன். கவர் போட்டதை எழுதவில்லை. அந்த ஐந்து கதிரை மட்டும் தனியாக உதிர்த்து ஒரு கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கோவிந்தன் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். அவன் கிண்டல் செய்வதோடு சரி.

மேடம் வந்து பார்த்தார். மூன்று இடத்திலும் மணியைக் கடித்தார். மூன்று இடத்திலும் நசுங்கியது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போனார். அன்று மாலை அவர் மேசையில் நாற்பத்தேழாம் எண்ணின் அறுத்த மணிகள் நூறும் வரிசையாகக் கிடந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு சாட்சியும் ஒண்ணையே சொல்லுது தனவேல். இந்த ரகம் மழைய தாங்காதுபோல" என்றார். மூன்று சாட்சிக்கும் பொய் சொல்லிக்கொடுத்தவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திட்டக்குடிப் பக்கம் ஒரு விவசாயி வயலிலும் அதே விதையைப் போட்டிருந்தோம். அங்கே மணி அருமையாக வந்திருந்தது. அதனால் சந்தேகம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. அங்கே மழை குறைவு, இங்கே அதிகம், ஆகவே இந்த ரகம் ஈரத்தில் கெடும் என்றுதான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். எந்த ரகம் இருக்கலாம், எது போகலாம் என்று முடிவு செய்யும் குழு அடுத்த திங்கட்கிழமை கூடுவதாகச் சொன்னார்கள். குழுத் தலைவர் நாற்பத்தேழைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி ஏற்கெனவே எழுதியிருந்தார். எடுத்துவிட்டால் அவ்வளவுதான். மேடத்தின் பல வருட வேலை அதோடு முடிந்தது.

அதே திங்கட்கிழமைதான் இன்னொன்றும் இருந்தது. தினக்கூலிகளில் சிலரை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் போகவேண்டும். என் பேரை மேடமே எழுதியிருந்தார். மலர் டீச்சர் அப்போது இரண்டாம் வகுப்பு. வாடகை வீடு. நிரந்தர வேலை என்றால் எங்களுக்கு அது என்ன என்பது உங்கள் வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

சனிக்கிழமை செண்பகத்திடம் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்போது ஒரு செராமிக் யூனிட்டில் வேலை பார்த்தார். கிண்ணம், குவளைகளுக்குப் பிசிறு எடுத்து ஈரத்துணியால் மழமழப்பாக்கும் வேலை. கையெல்லாம் வெள்ளை மண்ணோடு அப்படியே உட்கார்ந்து கேட்டார்.

"சோத்துப் பானைய மூடி வச்சா மூடிக்கு அடியில தண்ணி நிக்குதா இல்லியா? இது தெரிஞ்சிக்க ஆராய்ச்சி பண்ணணுமா?" என்றார் முதலில்.

"இப்ப என்னா செய்யறது, அத சொல்லு."

"எங்க யூனிட்டுல இன்னும் சுடாத பச்சக் கிண்ணம் கையில இருந்து நழுவி லேசா நெளிஞ்சிடுச்சின்னா, அத ஒட்டி நிமித்தி நல்லதோட நல்லதா அடுக்கக் கூடாது. தனியா எடுத்து வைக்கணும். நிமித்தி வச்சா கண்ணுக்குத் தெரியாது. சூளையில போயி வெடிக்கும். பக்கத்துல இருக்கிறதையும் சேத்து ஒடைக்கும்."

"வேலை போச்சுன்னா?"

செண்பகம் கையிலிருந்த மண்ணை உரித்தார். "போவட்டும்னு நான் சொல்லமாட்டன். எனக்கும் பயமா இருக்குது. ஆனா அந்தம்மா உங்கள நம்பி நோட்ட குடுத்திருக்காங்க. நீங்க சொல்லலன்னா அந்தச் சோளம் கெட்டதுன்னு ஊரு ஒலகம் பூரா எழுதிடுவாங்க. அதுக்கு வாயி இல்ல. உங்களுக்கு இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலை மேடம் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். கைக்குட்டையை மேசைமேல் வைத்தேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கவர் கட்டினது எத்தனை மணிக்கு?" என்றார்.

"மத்தியானம் மூணு மணி இருக்குங்க மேடம்."

"எடுத்தது?"

"அஞ்சாம் நாளு காலைல."

"நடுவுல தொறந்து பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"கவர்ல ஓட்டை போட்டிருந்தீங்களா?"

"இல்லைங்க மேடம். தண்ணி எறங்கிடும்னு..."

தீப்பெட்டியை எடுத்தார். கைக்குட்டை மணிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். நான் நின்றேன். கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண்ணில் கோபமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அந்த வேறொன்று என்னவென்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்தச் சோளம் நல்லதுதான் என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தோடு என்னைத் திட்டமுடியாமல் தவித்தார்.

"கவர் போட்டது தப்பு இல்ல தனவேல், அறியாம செஞ்சது. எழுதாம விட்டதுதான் தப்பு. போய் இப்ப எழுதுங்க. பழசை அடிக்காதீங்க."

சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். 'மழை, நாலு நாள்' என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், 'நாற்பத்தேழாம் எண் கதிர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கவர் கட்டினேன், ஐந்து கதிர் நீங்கலாக. கட்டியவன் தனவேல்' என்று எழுதி அன்றைய தேதியைப் போட்டேன். எழுதி முடித்தபோது என் குண்டு எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு ஆடியிருந்தது.

"உங்க பேரை இந்தப் பட்டியல்ல அனுப்ப முடியாது. அனுப்பினா இந்தப் பக்கத்துக்கு அர்த்தம் இல்லாமப் போயிடும். புரியுதா?" என்றார்.

"புரியுதுங்க மேடம்."

திங்கட்கிழமை கூட்டத்தில் அவர் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியிருக்கிறார். குழுத் தலைவர் நம்பவில்லையாம். "உங்களுக்குப் பிடித்த ரகம் என்பதற்காகக் கூலிக்காரர் மேல் பழி போடாதீர்கள்" என்றாராம். கடைசியில் இன்னும் ஒரே ஒரு வருடம் கொடுத்தார்கள். மேடம் பண்ணைக்கு வந்து இறங்கியதும் என்னைத்தான் கூப்பிட்டார். "ஒரு வருஷம் வாங்கியாச்சு. இந்த வருஷம் தெரியாம செஞ்சதை அடுத்த வருஷம் தெரிஞ்சே செய்யப்போறோம்" என்றார்.

என்ன செய்தோம் தெரியுமா? ஒரே மூட்டை விதை. அதை ஐந்து பங்காக்கினோம். முதல் பங்கு எங்கள் வயலில் ஆடிக் கடைசியில் விதைத்தது. மழை வந்தபோது அதற்குப் பிளாஸ்டிக் கவர். இரண்டாம் பங்கு அதே நாள், அதே வயல், கவர் கிடையாது. மூன்றாம் பங்கு அதே வயலில் புரட்டாசியில் விதைத்தது, மழையெல்லாம் ஓய்ந்து தையில் முற்றட்டும் என்று. நான்காம் பங்கு பெண்ணாடத்துப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் தாழ்வான வயல். ஐந்தாம் பங்கு திட்டக்குடிப் பக்கம் மேட்டுக்காடு.

கவர் கட்டும் நாளில் கோவிந்தனுக்கு வாய் சும்மா இல்லை. "போன வருசம் கொட புடிச்சதுக்குச் செவப்பு மையி. இந்த வருசம் கொட புடிக்கலன்னா செவப்பு மையி. இந்த மாப்ள வூட்டுல குப்ப கொட்ட என்னால ஆவாதுப்பா" என்றான். சொல்லிக்கொண்டே என்னைவிட வேகமாகக் கட்டினான். கட்டிய ஒவ்வொரு கதிரையும் அன்றன்றே எழுதினேன். ஆறு மாதமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ் பிடித்துப் பெண்ணாடம் ஓடுவேன், மறுநாள் திட்டக்குடி. மணியில் பால் வைத்ததா, மாவு பிடித்ததா, புள்ளி விழுந்ததா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் தூக்கம்.

தை முடிந்து ஐந்து பங்கும் கைக்கு வந்தன. மணியை அறுத்து எண்ணுவது ஒரு சோதனை. சமைத்துச் சாப்பிட்டுப் பார்ப்பது இன்னொன்று. குழு நேரில் வந்து சாப்பிட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டது. ஐந்தையும் ஒரே அளவு தண்ணீரில், ஒரே நேரம், உப்பில்லாமல் சோறாக்கவேண்டும். எது எந்தப் பங்கு என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியக் கூடாது. கிண்ணத்தில் சீட்டு ஒட்டினால் ஆவியில் உரிந்துவிடும். பேனாவில் எழுதினால் அழிந்துவிடும். போன வருடத்துக்குப் பிறகு எண் விஷயத்தில் எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை.

செண்பகம்தான் வழி சொன்னார். யூனிட்டில் லேசாகக் கோணலாகிப்போய் ஒதுக்கிய கிண்ணங்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, அடியில் ஒன்று முதல் ஐந்து வரை தன் கையாலேயே நீல நிறத்தில் எழுதி, அதன்மேல் பளபளப்புப் பூசிச் சூளையில் வைத்து எடுத்து வந்தார். "இத இனிமே நீங்க அழிக்கணும்னு நெனச்சாலும் முடியாது" என்று சிரித்தார். ஒரு எண்ணுக்கு நான்கு கிண்ணம் வீதம் இருபது கிண்ணம்.

குழுத் தலைவர் கண்டிப்பான மனிதர். நாலு பேர் உட்கார்ந்தார்கள். முதல் கிண்ணத்தை அவர் வாயில் வைத்ததும் முகம் சுளித்தார். தண்ணீர் குடித்தார். இரண்டாவது, "பரவால்ல" என்றார். மூன்றாவதை ஒரு வாய் சாப்பிட்டவர், மறுபடி ஒரு வாய் எடுத்தார். நான்காவதைக் கொஞ்சம் ஒதுக்கினார். ஐந்தாவதைக் காலி செய்தார்.

கை கழுவிவிட்டு மேடத்தைப் பார்த்தார். "மூணையும் அஞ்சையும் இப்பவே விவசாயிங்களுக்குக் கொடுக்கலாம்மா. சோறு தனித்தனியா நிக்குது, இனிப்பா இருக்குது. நாலு கொஞ்சம் கொழையுது. அந்த ஒண்ணு இருக்கே, அதுதான் உங்க நாற்பத்தேழு. போன வருஷமே எடுத்துடுங்கன்னு எழுதினேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் களப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். மேடம் சொன்னார், "ஐயா, கிண்ணத்தோட அடிய பாருங்க. அப்புறம் இந்தப் பக்கத்துல அந்த எண்ணுக்கு நேரா பாருங்க."

அவர் ஒவ்வொரு கிண்ணமாகக் கவிழ்த்தார். ஒன்றுக்கு நேராக நாற்பத்தேழு. இரண்டுக்கு நேராக நாற்பத்தேழு. மூன்று, நான்கு, ஐந்து எல்லாவற்றுக்கும் நேராக நாற்பத்தேழு. அவர் மறுபடியும் முதல் கிண்ணத்தைக் கவிழ்த்து, விரல் நகத்தால் அந்த நீல எண்ணைச் சுரண்டிப் பார்த்தார். அது போகவில்லை.

"பிளேடு இருக்கா?" என்றார். மேடம் தீப்பெட்டியை நீட்டினார். அவரே அறுத்தார். கவர் போட்டதில் முழுக்க மாவு. தையில் முற்றியதில் கண்ணாடி. கூட வந்தவர்கள் எட்டிப் பார்த்து ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆற்றங்கரை வயலில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, மேட்டுக்காட்டில் ராத்திரிப் பனி எப்படி, இரண்டாம் பங்கு அத்தனை மழையில் நனைந்தும் எப்படித் தாங்கியது என்று கேள்விமேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பதில் சொன்னேன். பத்தாவது தவறியவன் என்பது அன்று யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை.

கடைசியில் தலைவர் கேட்டார். "போன வருஷம் இதுக்குக் கவர் போட்டது யாரு?"

நான் முன்னால் போனேன். "நான்தாங்க ஐயா."

"இந்த வருஷம்?"

"இந்த வருசமும் நான்தாங்க. இந்த வருசம் எழுதி வச்சிட்டுப் போட்டேன்."

அவர் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டி, போன வருடத்துச் சிவப்பு மையைக் கண்டுபிடித்தார். நின்றபடியே படித்தார். பிறகு தன் பேனாவை எடுத்து அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்தேழு பட்டியலில் நின்றது. பிறகு ஒரு பேரோடு ஊருக்கும் போனது. எங்கள் பக்கத்துக்கு இதைப் புரட்டாசியில் விதையுங்கள் என்று ஒரு குறிப்பும் அதோடு போனது. நிரந்தர வேலைக்கான அடுத்த பட்டியலில் என் பேரும் போனது. கோவிந்தன் பண்ணை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தான், மாப்பிள்ளை விருந்து என்று சொல்லி.

சரி, உங்கள் சண்டைக்கு வருகிறேன். தேன்மொழி, உங்கள் வயல் ஆற்றுக்குப் பக்கமா? எந்த மாதம் விதைத்தீர்கள்? கதிர் முற்றும்போது மழை பெய்ததா? அறுத்ததும் எங்கே காயவைத்தீர்கள், எதைப் போட்டு மூடினீர்கள்? கார்த்திக், உன்னிடமும் இதே கேள்விகள்தான். முத்து வந்ததற்கு உன் அப்பாவை மட்டும் பாராட்டிவிடாதே, மேட்டையும் பனியையும் கேள். இரண்டு பேரும் பதிலை எழுதுங்கள். அப்புறம் வருகிற புரட்டாசியில் இரண்டு பொட்டலத்தையும் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில், ஒரே பாத்தியில், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக விதையுங்கள். தேன்மொழி வீட்டு விதையில் பூஞ்சணம் இருப்பதால் எல்லாம் முளைக்காது. அதைக் கொஞ்சம் நெருக்கமாகவே போடுங்கள். தையில் இரண்டும் ஒரே மாதிரி வந்தால் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். வேறு மாதிரி வந்தால் என்னையும் கூப்பிடுங்கள், சேர்ந்து போய்ச் சண்டை போடுவோம்.

டீச்சரிடம் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்து அனுப்புகிறேன். அதில் உங்கள் பொட்டலங்களில் மிச்சமிருக்கும் சோளத்தோடு இரண்டு கோணல் கிண்ணமும் இருக்கும். ஒன்றின் அடியில் மூன்று என்றும் மற்றதன் அடியில் ஐந்து என்றும் இருக்கும். உங்கள் டீச்சர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவற்றில்தான் கேப்பைக் கூழ் குடித்தார், அந்த எண் இன்னும் அழியவில்லை. எழுதுவதற்கு ஒரு நோட்டும் நீலப் பேனாவும் வைத்திருக்கிறேன்.

சிவப்புப் பேனா இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று போதாது.